இறங்காத எண்

போன வாரம், கம்பெனி தொடங்கத் துடித்த பாப் ஸ்வான்சனையும் உயிரியல் பேராசிரியர் ஹெர்ப் பாயரையும் சான் பிரான்சிஸ்கோ மதுக்கூடத்தில் பீர் கோப்பைகளோடு விட்டுவிட்டு வந்தோம். பத்து நிமிடம் தருகிறேன் என்று பாயர் சொன்னது மூன்று மணி நேரமாக நீண்டது. ஆளுக்கு ஐந்நூறு டாலர் போட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டி ‘ஹெர்பாப்’ என்று வைக்கலாம் என்றார் ஸ்வான்சன். நல்லவேளை, பாயர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஜெனென்டெக்’ பிறந்தது.

அந்தக் கம்பெனி இந்த வாரம் சாகக் கிடக்கிறது.

ஆமாம். பிறந்து ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

1977 கோடை. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் மலைகளின் அடிவாரத்தில் டுவார்ட்டே என்ற சிற்றூர். அங்கே ‘சிட்டி ஆஃப் ஹோப்’ மருத்துவமனை. காசநோயாளிகளுக்காக இரண்டு கூடாரம் அடித்து ஆரம்பித்த இடம் அது. இப்போது பெரிய ஆராய்ச்சிக்கூடமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கூடத்தில்தான் இந்த வாரக் கதையின் ஒரு மணி நேரம் ஓடப்போகிறது. ஆர்ட் ரிக்ஸ் என்ற உயிரியலாளர் கதிரியக்கத்தை எண்ணும் கருவியின் முன்னால் இருக்கிறார். கூடவே ஸ்வான்சன். விஞ்ஞானிகளை வேலை செய்யவிட்டு ஆபீசில் காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை. தன் கம்பெனியின் தலையெழுத்தை நேரில் படிக்க வந்துவிட்டார்.

கருவி எண்ணத் தொடங்குகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்த எண் என்ன என்று சொல்லுமுன், இந்தப் பேர்வழிகள் எல்லாம் எதற்காக அங்கே கூடினார்கள் என்று பார்த்துவிடுவோம். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவர் காரணம் இன்னொருவருக்குப் பிடிக்கவும் இல்லை.

ஸ்வான்சனுக்கு வேண்டியது இன்சுலின். மருந்துக் கம்பெனிகள் அன்றைக்கு இன்சுலினைப் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தன. எட்டு அவுன்ஸ் இன்சுலின் வேண்டுமானால் இரண்டு டன் கணையம் வேண்டும். கசாப்புக் கூடங்களை நம்பித்தான் சர்க்கரை நோயாளிகளின் உயிர் ஓடியது. நோயாளிகள் பெருகப் பெருக, கணையத்துக்கு எங்கே போவது? மனித இன்சுலினை பாக்டீரியாவே செய்து கொடுத்தால் சந்தை காத்திருக்கிறது. ஸ்வான்சன் கணக்கில் புலி. இதைவிடத் தெளிவான கணக்கு அவருக்குக் கிடைக்காது.

பாயர் அந்தக் கனவோடு ரிக்ஸுக்கு போன் போட்டார். இன்சுலின் ஜீனைச் செய்து தர முடியுமா?

ரிக்ஸ் நிதானமான ஆள். முடியும் என்றார். ஆனால் முதலில் இன்சுலின் வேண்டாம், சோமடோஸ்டாட்டின் செய்வோம் என்றார்.

சோமடோஸ்டாட்டின் மூளையில் சுரக்கும் ஒரு குட்டி ஹார்மோன். வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கவிடாமல் அடக்கி வைக்கும். மொத்தமே 14 அமினோ அமிலங்கள். இன்சுலினிலோ 51, அதுவும் இரண்டு சங்கிலிகளாக. சின்னதில் கை பழகிவிட்டுப் பெரியதற்குப் போவோம் என்பது ரிக்ஸின் யோசனை.

ஸ்வான்சனுக்கு இது கசந்தது. சோமடோஸ்டாட்டினை யார் வாங்குவார்கள்? விற்காத சரக்கைச் செய்ய முதலீட்டாளர்களின் பணத்தைக் கொட்டுவதா? கடைசியில் பாயரும் ரிக்ஸும் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் அவரை இறங்கி வரவைத்தது. பாக்டீரியாவுக்குள் ஒரு ஜீனை நுழைக்கலாம், பெருக்கலாம். அதெல்லாம் நடந்தாயிற்று. பாயரின் தவளை ஜீன் கதையைச் சில வாரங்களுக்கு முன் பார்த்தோமே. ஆனால் மனித உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனை பாக்டீரியா செய்து காட்டியதாக உலகத்தில் யாரும் இதுவரை சொல்லவில்லை. அது முடியுமா என்றே தெரியாதபோது நேராக இன்சுலினில் தலையைக் கொடுப்பது வியாபாரம் ஆகாது, சூதாட்டம். ஸ்வான்சன் தலையாட்டினார்.

ரிக்ஸின் காரணம் இன்னும் சுவையானது. இதே சோமடோஸ்டாட்டின் திட்டத்தை அவரும் அவருடைய கூட்டாளி இதாகுராவும் ஏற்கெனவே அரசாங்கத்திடம் கொண்டுபோயிருந்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்திடம் மானியம் கேட்டார்கள். கழகம் கையை விரித்துவிட்டது. சொன்ன காலத்துக்குள் முடிக்க முடியாது, முடித்தாலும் அறிவுப் பயிற்சியாகத்தான் இருக்கும், நடைமுறைக்கு உதவாது என்று பரிசீலனைக் குழு கருதியது.

நடைமுறைக்கு உதவாது! இந்த வரியை எழுதியவர்கள் பிறகு எத்தனை இரவு தூங்காமல் புரண்டார்களோ.

ஆக, அரசாங்கம் மறுத்த பணத்தை ஸ்வான்சன் கொடுத்தார். ஜெனென்டெக்குக்கு அப்போது சொந்தமாக ஆராய்ச்சிக்கூடமே கிடையாது என்பதை மறக்க வேண்டாம். கம்பெனி என்றால் ஸ்வான்சன், சில காகிதங்கள், முதலீட்டாளர் டாம் பெர்கின்ஸின் நம்பிக்கை, அவ்வளவுதான். வேலை எல்லாம் இரவல் இடத்தில். ஜீன் செய்வது டுவார்ட்டேயில். அதை பாக்டீரியாவுக்குள் ஏற்றுவது சான் பிரான்சிஸ்கோவில், பல்கலைக்கழகத்தில், பாயரின் கூடத்தில். பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கம்பெனி நடத்துகிறாரே என்று பாயரின் சக பேராசிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தன் பூனைகளுக்கு வாட்சன், கிரிக் என்று பெயர் வைத்த மனிதர் அவர். விஞ்ஞானம்தான் அவருக்கு உயிர். அந்த ஏச்சு அவரை நிஜமாகவே வாட்டியது. பல வருடம் கழித்துக்கூட அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இனி இதாகுரா.

கெய்ச்சி இதாகுரா. ஜப்பானிலிருந்து வந்த வேதியியலாளர். இவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. இவர் தொழில் கற்ற இடம் கனடாவின் ஒட்டாவா. கற்றுக்கொடுத்தவர் இந்தியாவில் பிறந்த சரண் நாரங். அந்த நாரங் வேலை பழகியது யாரிடம்? நம் ஹர் கோவிந்த் கொரானாவிடம். டி.என்.ஏ.வை இயற்கையிடமிருந்து எடுக்காமல், எழுத்து எழுத்தாகக் குப்பியில் கோத்துச் செய்யலாம் என்று உலகுக்குக் காட்டியவர் கொரானா. ஆனால் அவர் வழி மிக மெதுவானது. ஒரு ஜீனைச் செய்து முடிக்கப் பெரிய படையே பல வருடம் உழைத்தது. நாரங்கும் அவரிடம் பழகிய இதாகுராவும் வேறு வேதியியல் வழியைப் பிடித்தார்கள். வேகம் பல மடங்கு கூடியது. டுவார்ட்டேயில் இதாகுராவோடு இன்னொரு ஜப்பானியர் ஹிரோசே, இத்தாலிக்காரர் ராபர்ட்டோ க்ரெயா. சான் பிரான்சிஸ்கோவில் நெதர்லாந்துக்காரர் ஹெர்பர்ட் ஹைனெகர், மெக்சிகோவின் பிரான்சிஸ்கோ பொலிவார். அமெரிக்கக் கம்பெனி என்று பெயர். ஆட்கள் ஐந்தாறு தேசம்.

இவர்கள் செய்த ஜீனைப் பாருங்கள். அதில் ஒரு தைரியம் இருக்கிறது.

சோமடோஸ்டாட்டின் ஜீன் மனித உடம்பில் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தது புரதம் மட்டும். 14 அமினோ அமிலங்கள், இன்ன வரிசை. இவர்கள் அந்த வரிசையிலிருந்து பின்னோக்கி நடந்தார்கள். இந்த அமினோ அமிலத்துக்கு எந்த மூன்றெழுத்து? ஒன்றுக்குப் பல எழுத்துக்கூட்டு உண்டு அல்லவா? பாக்டீரியாவுக்கு எது வாய்க்கு வசதியோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டுச் சிறு துண்டுகளாகச் செய்து ஒட்டினார்கள். மொத்தம் 52 ஜோடி எழுத்துகள். இயற்கை எழுதாத ஜீன். மேஜையில் உட்கார்ந்து மனிதன் எழுதியது.

முன்யோசனை இன்னொன்றும் செய்தார்கள். ஹார்மோன் தொடங்கும் இடத்துக்கு ஒட்டி முன்னால் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். ஏன்? சயனோஜன் புரோமைடு என்று ஒரு கொடிய விஷம் இருக்கிறது. அது புரதத்தை மெத்தியோனின் வரும் இடத்தில் மட்டும் வெட்டும். சோமடோஸ்டாட்டினுக்குள் மெத்தியோனின் எங்கேயும் கிடையாது. ஆகவே பாக்டீரியா தன் புரதத்தின் நுனியோடு சேர்த்து ஹார்மோனைச் செய்து வைத்தாலும், விஷத்தை ஊற்றினால் ஹார்மோன் மட்டும் முழுசாகக் கழன்று விழும். இந்த மெத்தியோனினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஜீன் தெற்கிலிருந்து வடக்கே போனது. ஹைனெகரும் பொலிவாரும் அதைப் பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டி பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்த்தார்கள். பிழையில்லை. பாக்டீரியா வளர்ந்தது. சோதனைக்கு எல்லாம் டுவார்ட்டேக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் ஸ்வான்சனின் தூக்கத்தைக் கெடுக்க இன்னொரு செய்தி. அந்த மே மாதம், பாயர் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில், வேறொரு மாடியில் அல்ல, கிட்டத்தட்ட பக்கத்து வாசலில், வில்லியம் ரட்டர், ஹோவர்ட் குட்மேன் குழுவினர் எலியின் இன்சுலின் ஜீனை பாக்டீரியாவுக்குள் ஏற்றிவிட்டதாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. பாக்டீரியா இன்சுலினைச் செய்யவில்லைதான். ஜீன் மட்டும் உள்ளே போயிருந்தது. ஆனாலும் பந்தயக் குதிரை ஒன்று பாதி தூரம் ஓடிவிட்டது. நம் ஆட்கள் இன்னும் விற்காத ஹார்மோனில் கை பழகிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த மனநிலையில்தான் ஸ்வான்சன் டுவார்ட்டே வந்தார்.

இப்போது கருவிக்குத் திரும்புவோம்.

சோதனையின் தந்திரம் எளியது. சோமடோஸ்டாட்டினைக் கண்டால் கவ்விக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று இருக்கிறது. அதனோடு, கதிரியக்கம் ஏற்றிய சோமடோஸ்டாட்டினைக் கொஞ்சம் சேர்த்து வைப்பார்கள். ஆன்டிபாடி அதைக் கவ்வும். கருவி அதை எண்ணும். இப்போது பாக்டீரியாவிலிருந்து எடுத்த சாற்றை ஊற்ற வேண்டும். சாற்றில் புது ஹார்மோன் இருந்தால் அதுவும் ஆன்டிபாடியிடம் இடத்துக்குப் போட்டியிடும். கதிரியக்க ஹார்மோனுக்கு இடம் குறையும். எண் இறங்கும்.

எண் இறங்கினால் வெற்றி. இறங்காவிட்டால் சாற்றில் ஒன்றும் இல்லை.

லாபம் ஏற வேண்டும், விற்பனை ஏற வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் கம்பெனிக்காரர்களைப் பார்த்திருக்கிறோம். எண் இறங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நின்றவர் ஸ்வான்சனாகத்தான் இருப்பார்.

முதல் குழாய். எண் இறங்கவில்லை.

அடுத்தது. இறங்கவில்லை.

ஒவ்வொரு குழாயாகப் போனது. அப்பட்டமான ஏமாற்றம். ஹார்மோன் கொஞ்சம்கூட இல்லை. கருவி பழுதா? இல்லை. அசல் சோமடோஸ்டாட்டினை வைத்து ஒத்துப்பார்க்கும் குழாய்களில் எண் ஒழுங்காக இறங்குகிறது. ஆன்டிபாடி வேலை செய்கிறது. பாக்டீரியாவின் சாறுதான் வெறும் சாறு.

ஸ்வான்சனின் மனதில் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இருபத்தொன்பது வயது. வேலை போய், அரசு கொடுத்த வேலையில்லா உதவித்தொகையில் காலம் தள்ளியவர். ஒரே ஒரு எண்ணத்தை நம்பி அடுத்தவர்கள் பணத்தை வாங்கியவர். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கண்ணாடிக் குழாய்கூட இல்லை. இருந்த சொத்தெல்லாம் ஒரு வாக்குறுதி: பாக்டீரியா ஹார்மோன் செய்யும். கருவி அது இல்லை என்கிறது.

உடம்பு தாங்கவில்லை. கடுமையான வயிற்றுக்கோளாறு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று.

வணிக வரலாற்றில் பலர் பணத்தை இழந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததுண்டு. 14 அமினோ அமிலத்துக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டவர் இவர்.

ஸ்வான்சன் போன பிறகு விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? இங்கேதான் எனக்கு ரிக்ஸை ரொம்பப் பிடித்துப்போகிறது. முதலாளியின் கண்ணுக்குத் தெரிந்தது தோல்வி. ரிக்ஸின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கேள்வி. சாற்றில் ஹார்மோன் இல்லை, சரி. இல்லை என்றால் என்ன அர்த்தம்? பாக்டீரியா அதைச் செய்யவே இல்லையா? அல்லது செய்துவிட்டுத் தானே தின்றுவிட்டதா?

இரண்டுக்கும் கருவி காட்டும் எண் ஒன்றுதான். ஆனால் முதலாவது உண்மையென்றால் கடையைக் கட்ட வேண்டும். இரண்டாவது உண்மையென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அசல் சோமடோஸ்டாட்டினை எடுத்தார்கள். பாக்டீரியாச் சாற்றில் கலந்தார்கள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி அளந்தார்கள்.

காணோம்! போட்ட ஹார்மோன் மாயமாகிக்கொண்டிருந்தது.

பாக்டீரியாவுக்குள் புரதம் தின்னும் நொதிகள் எப்போதும் ரோந்து போய்க்கொண்டிருக்கும். முழுசாக மடங்காத புரதம், உடைந்த துண்டு, அந்நியச் சரக்கு எது கண்ணில் பட்டாலும் கடித்துத் துப்பிவிடும். 14 அமினோ அமிலமும் பாக்டீரியாப் புரதத்தின் சின்ன வாலும் சேர்ந்த துண்டு அவற்றுக்கு ஒரு கவளம்.

சரி, திருடன் யார் என்று தெரிந்தது. பொருளை எப்படிக் காப்பது?

திருட்டு பயமுள்ள வழியில் போகும் பாட்டி நகையைக் கையிலா கொண்டுபோவாள்? அரிசி மூட்டைக்கு நடுவில் முடிந்து வைப்பாள். அதையேதான் இவர்களும் செய்தார்கள். மூட்டைக்குப் பெயர் பீட்டா-கேலக்டோசிடேஸ். பாக்டீரியாவின் சொந்தப் புரதம். ஆயிரத்துக்கும் மேல் அமினோ அமிலங்கள் கொண்ட பெருமூட்டை. முதல் சோதனையில் இதன் ஆரம்பத் துணுக்கை மட்டும் ஹார்மோனுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். இப்போது கிட்டத்தட்ட முழுப் புரதத்தையும் வைத்து, அதன் கடைசி நுனியில் 14 அமினோ அமிலத்தை ஒட்டினால்? ரோந்து நொதிகள் பார்க்கும்போது தெரிவது வீட்டுச் சரக்கு. தொடாது.

இதில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. பீட்டா-கேலக்டோசிடேஸ் ஜீனின் கடைசிப் பக்கத்தில் ஈகோ ஆர்-ஒன் நொதி வெட்டும் இடம் ஒன்று இருந்தது. ஈகோ ஆர்-ஒன் யாருடைய நொதி என்று இந்தத் தொடரின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாயரின் கூடத்தில் பிறந்த அதே கத்தரி. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிடம் தயாராக இருந்தது.

ஹைனெகரும் பொலிவாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பெரிய துண்டை வெட்டி ஹார்மோன் ஜீனுக்கு முன்னால் ஒட்டினார்கள். இங்கேயும் ஒரு கண்ணி. ஒட்டப்போகும் துண்டின் இரண்டு முனையும் ஒரே மாதிரி. நேராகவும் ஒட்டலாம், தலைகீழாகவும் ஒட்டலாம். தலைகீழாக ஒட்டிக்கொண்டால் பாக்டீரியா படிப்பது வெறும் உளறல். எந்தக் காலனியில் நேராக ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்தார்கள்.

ஆகஸ்ட்.

மறுபடி டுவார்ட்டே. மறுபடி ரிக்ஸ். அதே கருவி. பாக்டீரியாவை உடைத்துப் பெரும் புரதத்தை எடுத்தாயிற்று. சயனோஜன் புரோமைடு ஊற்றியாயிற்று. முன்கூட்டியே வைத்திருந்த அந்த மெத்தியோனினில் விஷம் வெட்ட வேண்டும். மூட்டை அவிழ வேண்டும்.

எண்ண ஆரம்பித்தது கருவி.

எண் இறங்கியது.

தலைகீழாக ஒட்டிய காலனிகளில் அப்படியே நின்றது. நேராக ஒட்டிய காலனிகளில் சரசரவென்று இறங்கியது. இதைவிட நல்ல சாட்சி எந்த வழக்கிலும் கிடைக்காது. எங்கே ஹார்மோன் இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது, எங்கே இருக்கக்கூடாதோ அங்கே இல்லை.

மேஜையில் மனிதன் எழுதிய ஜீனை பாக்டீரியா படித்துவிட்டது. படித்து, மனித மூளையில் சுரக்கும் ஹார்மோனைச் செய்தும் கொடுத்துவிட்டது. உலகத்தில் முதல் தடவை.

இந்த ஹார்மோனை முதலில் கண்டுபிடித்த ரோஜர் கியமின் கூடத்தில், அதைக் கொஞ்சூண்டு பிரித்தெடுக்க லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளை அரைத்தார்கள். இப்போது சில லிட்டர் பாக்டீரியாக் குழம்பு போதும். வேடிக்கை பாருங்கள், அந்த அக்டோபரில் மருத்துவ நோபல் யாருக்கெல்லாம் போனது தெரியுமா? மூளை ஹார்மோன்களுக்காக கியமின், ஆண்ட்ரூ ஷாலி. கூடவே, எண்ணை இறக்கிக் காட்டும் அந்தக் கதிரியக்கச் சோதனையைக் கண்டுபிடித்த ரோசலின் யாலோ. நம் கதையின் ஹார்மோனும் சோதனையும் ஒரே மேடையில்!

நவம்பரில் விஷயம் வாஷிங்டனில் வெடித்தது. ஜீனை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சிக்குச் சட்டம் போட்டுக் கடிவாளம் கட்டலாமா என்று செனட் குழு விசாரித்துக்கொண்டிருந்தது. தேசிய அறிவியல் கழகத்தின் தலைவர் பிலிப் ஹேண்ட்லர் எழுந்து, கட்டுரை அச்சாகும் முன்பே சோமடோஸ்டாட்டின் செய்தியைப் போட்டு உடைத்தார். முதல்தர அறிவியல் வெற்றி என்று புகழ்ந்தார். பக்கத்தில் நம் பழைய நண்பர் பால் பெர்க். ஆராய்ச்சியை நிறுத்துங்கள் என்று மூன்று வருடம் முன்பு கடிதம் எழுதிய அதே பெர்க், இப்போது இந்தச் சாதனையைப் பார்த்து வியந்து பேசினார். பயத்தை மட்டுமே கேட்டுப் பழகிய செனட்டர்கள் முதல்முறையாகப் பயனையும் கேட்டார்கள். கடிவாளச் சட்டம் அதன்பிறகு தேறவில்லை. அதற்குக் காரணங்கள் பல. இந்தக் குட்டி ஹார்மோனும் ஒன்று.

வயிற்றுவலி தீர்ந்த ஸ்வான்சன் ஒரு நாளும் வீணாக்கவில்லை. அவருடைய பழைய பல்லவி: இன்சுலின்.

ரிக்ஸை ஜெனென்டெக்குக்கே வந்துவிடும்படி அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். டுவார்ட்டேயிலேயே ஆயுள் முழுக்க இருந்தார். இந்த வேலையால் வந்த உரிமத்தொகையில் பெரும் பகுதியை, இருபது கோடி டாலருக்கும் மேல், பிற்காலத்தில் அதே மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தொடரில் பணத்தோடு வரும் மனிதர்கள் நிறைய. பணத்தை இப்படிக் கையாண்டவர் இவர் ஒருவர்தான்.

இப்போது பந்தயக் களத்தைப் பாருங்கள். மூன்று குதிரைகள்.

ஒன்று, எலி இன்சுலின் ஜீனை வைத்திருக்கும் ரட்டர், குட்மேன் குழு. இரண்டு, ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட். அப்துஸ் சலாமிடம் இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்குத் தாவியவர். அந்தத் தலைமுறையின் கூர்மையான மூளைகளில் ஒன்று. அவர் கூடத்தில் லிடியா வில்லா-கோமரோஃப் என்ற இளம் விஞ்ஞானி எலி இன்சுலினை பாக்டீரியா செய்வதையே காட்டிவிட்டார். மூன்றாவது, ஊர் பேர் தெரியாத ஜெனென்டெக். தென் சான் பிரான்சிஸ்கோவில் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் அப்போதுதான் இடம் பிடித்திருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த டேவிட் கோடெல் பாறை ஏறுகிறவர், இருபத்தேழு வயது. ‘குளோன் செய், இல்லையேல் செத்துப்போ’ என்று எழுதிய பனியன் போட்டுக்கொள்பவர்.

பந்தயம் கட்டச் சொன்னால் யார் மேல் கட்டுவீர்கள்? அன்றைக்கு விஷயம் தெரிந்த யாரும் மூன்றாவது குதிரை மேல் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. இந்த ஆராய்ச்சியின் ஆபத்துகளைப் பேச அசிலோமாரில் கூடிய விஞ்ஞானிகள் ராத்திரி முழுக்க விழித்திருந்து எழுதிய அறிக்கை ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து பிறந்த அரசு விதிகள், மனித உடம்பிலிருந்து எடுத்த ஜீனை பாக்டீரியாவில் ஏற்றுவதென்றால் உச்சக்கட்டப் பாதுகாப்புக் கூடம் வேண்டும் என்றன. அப்படிப்பட்ட கூடம் கில்பர்ட்டுக்கு அமெரிக்காவில் கிடைக்கவில்லை. இதாகுராவும் க்ரெயாவும் குப்பியில் கோத்துச் செய்த ஜீன்? அது எந்த மனிதன் உடம்பிலிருந்தும் வரவில்லையே! விதியின் கெடுபிடி அதன்மேல் விழவில்லை. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் சேர்த்து 29 துண்டுகளைச் செய்ய உட்கார்ந்துவிட்டார்கள். இன்சுலினுக்குள்ளும் மெத்தியோனின் கிடையாது. பழைய விஷமே போதும்.

யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. பயந்தவர்கள் எழுதிய விதி பந்தயத்தின் ஓடுபாதையை வளைத்துவிட்டது. கில்பர்ட் தோற்பாரா ஜெயிப்பாரா என்பதை அவருடைய மூளை முடிவு செய்யவில்லை, ஒரு விதிப்புத்தகம் முடிவு செய்தது என்றே நான் சொல்வேன்.

கில்பர்ட் சும்மா இருக்கிற ஆளா? தன் குழுவோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். போய் இறங்கிய இடம் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன். கிருமியை ஆயுதமாக்க ஆராய்ச்சி நடந்த ராணுவத் தலம். உள்ளே போக உடையை எல்லாம் களைந்து மாற்றுடை போட வேண்டும். வெளியே வரக் குளிக்க வேண்டும். கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளும் ஃபார்மால்டிஹைடில் முங்கி எழ வேண்டும். நான்கு வாரம் அங்கே கிடந்து, மனித இன்சுலின் ஜீனை பாக்டீரியாவில் ஏற்றினார்கள். எழுத்துகளைப் படித்துப் பார்த்தார்கள்.

இன்சுலின் ஜீன்தான். சந்தேகமில்லை.

ஆனால் அது மனிதனுடையது அல்ல.

யாருடையது? எப்படி உள்ளே வந்தது? அதே சமயத்தில் டுவார்ட்டேயில் விடிய விடிய உட்கார்ந்திருந்த கோடெலின் குழாயில் என்ன இருந்தது? தெரிந்தவர்கள் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் நானே சொல்கிறேன்.

(தொடரும்)